கடல் தாண்டிய கம்பெனி, கடலூரில் வழக்கு

இந்த இதழுக்கு வந்த கடிதங்களில் பெரும்பகுதி பெண்ணாடம், திட்டக்குடி, விருத்தாசலம் பக்கத்துக் கடிதங்கள். ஆளுக்கொரு கதை எழுதியிருந்தாலும் விஷயம் ஒன்றுதான்: கம்பெனி வெளிநாட்டில், கஷ்டம் நம் வீட்டில். அதனால் மற்ற கேள்விகளை ஒதுக்கிவிட்டு முழு இடத்தையும் இதற்கே தருகிறேன்.

செல்போன் கடைக்காரர், பெண்ணாடம்: ஆப் அமெரிக்காக்காரனுடையது. சர்வர் அயர்லாந்தில் இருக்கிறதாம். பணம் போனது எங்கள் கடைத்தெருவில். எந்த ஊர்ச் சட்டம் செல்லும்?

நம் சட்டம் செல்லும். 2000-ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தில் 75-ஆம் பிரிவு இதற்காகவே இருக்கிறது. செய்தவர் எந்த நாட்டுக்காரராகவும் இருக்கட்டும், எங்கே உட்கார்ந்தும் செய்திருக்கட்டும். அந்தச் செயலில் இந்தியாவில் உள்ள ஒரு கணினியோ நெட்வொர்க்கோ சம்பந்தப்பட்டிருந்தால் போதும். உங்கள் கையிலிருக்கும் போனும் சட்டத்தின் கணக்கில் கணினிதான். 2024 ஜூலை 1-இல் அமலுக்கு வந்த தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவும் தன் முதல் பிரிவிலேயே இதைச் சொல்லிவிடுகிறது. அமெரிக்கச் சட்டமும் கூடவே செல்லலாம். ஒரே காரியத்துக்கு இரண்டு நாட்டுச் சட்டம் பொருந்துவது இணையத்தில் அன்றாடம் நடப்பது.

ஓய்வுபெற்ற ஆசிரியர், இறையூர்: சட்டம் செல்லும், சரி. கை எட்டுமா?

சரியான இடத்தில் கேட்டிருக்கிறீர்கள் ஐயா. சென்னையில் நடந்ததைச் சொல்கிறேன்.

2024 பிப்ரவரி 8. நகரத்தின் 13 தனியார் பள்ளிகளுக்கு வெடிகுண்டு மிரட்டல் மின்னஞ்சல் வந்தது. பெற்றோர் பதறியடித்துப் பள்ளி வாசலுக்கு ஓடினார்கள். சோதனை போட்டதில் புரளி என்று தெரிந்தது. அனுப்பியவர் பயன்படுத்தியது புரோட்டான் மெயில். அது ஸ்விட்சர்லாந்து கம்பெனி. கடிதத்தில் உள்ளதைக் கம்பெனியே படிக்க முடியாதபடி பூட்டி வைக்கும் சேவை. வெளிநாட்டுப் போலீஸ் கேட்டால் நேரடியாகத் தகவல் தர அந்த நாட்டுச் சட்டம் இடம் கொடுப்பதில்லை. ஸ்விஸ் அரசு வழியாகத்தான் கேட்க வேண்டும். தமிழ்நாடு போலீஸ் டெல்லிக்கு எழுதியது. அந்தச் சேவையையே இந்தியா முழுவதும் முடக்கிவிடலாமா என்ற அளவுக்குப் பேச்சு போனது. ஸ்விஸ் அதிகாரிகள் தலையிட்டார்கள், முடக்கம் அப்போது வரவில்லை.

ஒரு நாட்டுப் போலீஸ் இன்னொரு நாட்டுக் கம்பெனியிடம் கேட்கும் முறையான வழிக்குப் பரஸ்பரச் சட்ட உதவி ஒப்பந்தம் என்று பெயர். இந்தியாவும் அமெரிக்காவும் 2001-இல் கையெழுத்திட்டன. 2005-இல் நடைமுறைக்கு வந்தது. நம் போலீஸ் எழுதிய கோரிக்கை மத்திய உள்துறைக்குப் போய், அங்கிருந்து அமெரிக்க நீதித்துறைக்குப் போய், அந்த ஊர் நீதிமன்றம் பார்த்து, பிறகுதான் கம்பெனிக்கு. மாதக்கணக்கில் ஆகும். அதற்குள் அழிய வேண்டிய பதிவெல்லாம் அழிந்திருக்கும்.

பெரிய கம்பெனிகள் விஷயத்தில் இந்தச் சுற்று ஓரளவு குறைந்திருக்கிறது. 2021-இல் வந்த தகவல் தொழில்நுட்ப விதிகள்படி, இந்தியாவில் 50 லட்சத்துக்கு மேல் பயனர் வைத்திருக்கும் சமூக ஊடகம் ஒவ்வொன்றும் மூன்று பேரை இந்தியாவிலேயே குடியிருக்கும் ஆட்களாக நியமித்தாக வேண்டும்: சட்டத்துக்குப் பொறுப்பான அதிகாரி, போலீசுக்கு இரவு பகலாகப் பதில் சொல்பவர், பொதுமக்களின் குறை கேட்பவர். வாட்ஸ்அப்பும் இன்ஸ்டாகிராமும் யூடியூப்பும் இதற்குள் வந்துவிடும். இங்கே வியாபாரமும் வருமானமும் இருக்கிற கம்பெனி கூப்பிட்ட குரலுக்கு வரும். இங்கே அலுவலகமும் இல்லை, வருமானமும் பெரிதில்லை என்கிற கம்பெனியிடம்தான் சட்டம் மூச்சு வாங்குகிறது. இருபத்தைந்து வருடமாகச் சட்டம் எழுதிய நாம், மற்ற நாடுகளுடன் வேகமான ஒப்பந்தம் போடுவதில் அந்த அக்கறையைக் காட்டவில்லை என்பதுதான் என் வருத்தம்.

கரும்பு விவசாயி, பெண்ணாடம்: காவல் நிலையத்தில், "கம்பெனி வெளிநாட்டில் இருக்கு, நாங்க என்ன பண்ண முடியும்?" என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். என்ன செய்வது?

முதல் வேலை, சைபர் குற்ற உதவி எண்ணான 1930-க்கு போன் செய்யுங்கள். பணம் போன அதே மணி நேரத்தில் சொன்னால், அது கை மாறுவதற்குள் இடையிலிருக்கும் வங்கிக் கணக்கை முடக்க வழியுண்டு. காவல் நிலையத்துக்கு நடந்துவிட்டு மறுநாள் அழைத்தால் அந்த வாய்ப்பு பெரும்பாலும் போய்விடும். புகாரைத் தேசிய சைபர் குற்ற இணையதளத்திலும் பதியலாம்.

இரண்டாவது, திருப்பி அனுப்பச் சட்டத்தில் இடமில்லை. குற்ற நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173-ஆம் பிரிவு, குற்றம் எந்த எல்லையில் நடந்திருந்தாலும் தகவலைப் பதிவு செய்யச் சொல்கிறது. மறுத்தால் மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்கு எழுத்தில் அனுப்புங்கள். அதற்கும் பதில் இல்லாவிட்டால் மாஜிஸ்திரேட்டிடம் மனுச் செய்யலாம். ஒன்றை மட்டும் நியாயமாகச் சொல்ல வேண்டும்: தகவல் தொழில்நுட்பச் சட்டத்துக் குற்றங்களை விசாரிப்பவர் இன்ஸ்பெக்டருக்குக் கீழ்ப்பட்டவராக இருக்கக் கூடாது. ஆகவே, "கடலூர் சைபர் குற்றப் பிரிவு விசாரிக்கும்" என்று சொன்னால் அது சரியான பதிலாக இருக்கலாம். "வாங்கவே மாட்டோம்" என்றால் அது தவறு.

தையல் கடை நடத்தும் பெண், திட்டக்குடி: ஆன்லைனில் தையல் மெஷின் உதிரி பாகம் வாங்கினேன். வேறு பொருள் வந்தது. கேட்டால், "எங்கள் நிபந்தனைப்படி கலிஃபோர்னியா கோர்ட்டுக்குத்தான் வர வேண்டும்" என்று பதில் வருகிறது.

நீங்கள் கலிஃபோர்னியா போக வேண்டாம் அம்மா. கடலூர் போதும். 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் 34-ஆம் பிரிவு, புகார்தாரர் குடியிருக்கும் ஊரிலோ வேலை பார்க்கும் ஊரிலோ வழக்குப் போடலாம் என்று சொல்லிவிட்டது. பழைய சட்டத்தில் எதிராளி இருக்கும் ஊருக்கோ பிரச்சினை எழுந்த ஊருக்கோ நாம் அலைய வேண்டியிருந்தது. கடலூரில் உள்ள மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் மனுச் செய்யுங்கள். பொருளுக்கு நீங்கள் கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய்க்குள் என்றால் கட்டணமே கிடையாது. வக்கீல் வைத்தே ஆக வேண்டும் என்பதில்லை. பிரச்சினை வந்த நாளிலிருந்து 2 வருடத்துக்குள் போட வேண்டும்.

2020-இல் வந்த மின்வணிக விதிகள், இந்தியாவில் பதிவு செய்யாத கம்பெனியானாலும் இந்திய நுகர்வோருக்குத் தொடர்ந்து பொருளோ சேவையோ விற்றால் கட்டுப்பட்டாக வேண்டும் என்கின்றன. நிபந்தனைப் பக்கத்தில் அவர்கள் எழுதிவைத்த கோர்ட்டின் பெயரைப் பார்த்து மனுப் போடாமல் இருந்துவிடாதீர்கள். நுகர்வோர் சட்டம் மற்றச் சட்டங்களோடு கூடுதலாகக் கிடைக்கும் நிவாரணம். கம்பெனியே எழுதிக்கொண்ட ஒரு வரி அதை எளிதில் பறித்துவிட முடியாது. மனுவுக்கு முன்னால் 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணையும் முயன்று பாருங்கள். பல கம்பெனிகள் அந்தக் கட்டத்திலேயே பணத்தைத் திருப்பிவிடும்.

முகவரியே இல்லாத இன்ஸ்டாகிராம் கடை என்றால் ஆணையத்தால் யாருக்கும் நோட்டீஸ் அனுப்ப முடியாது. அது மோசடி. 1930 பக்கம் திரும்பிவிடுங்கள்.

பெயர் வெளியிட விரும்பாத தாய், திட்டக்குடி வட்டம்: என் மகன் ஆன்லைன் ரம்மியில் நிலத்தை அடகு வைத்த பணத்தையும் விட்டுவிட்டான். இப்போது வெளிநாட்டு ஆப் ஒன்றில் ஆடுகிறான். அதைத் தட்டிக்கேட்க ஆளே இல்லையா? மகனைப் போலீஸ் பிடித்துவிடுமோ என்றும் பயமாக இருக்கிறது.

முதலில் உங்கள் பயத்துக்குப் பதில். 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய இணைய விளையாட்டுச் சட்டம், பணம் வைத்து ஆடுகிறவரைத் தண்டிக்கவில்லை. நடத்துகிறவரைத் தண்டிக்கிறது: 3 வருடம் வரை சிறை, 1 கோடி ரூபாய் வரை அபராதம். விளம்பரம் செய்பவருக்கு 2 வருடம், 50 லட்சம். பணப் பரிமாற்றத்துக்குத் துணை போகும் நிறுவனத்துக்கும் நடத்துகிறவருக்கு உள்ள அதே தண்டனை. உங்கள் மகனுக்காகப் புகார் கொடுக்கப் போனால் இந்தச் சட்டப்படி அவன் குற்றவாளி ஆகிவிட மாட்டான்.

இந்த இடத்துக்கு வந்து சேரத் தமிழ்நாடு பட்ட பாடு கொஞ்சமில்லை. 2021 பிப்ரவரியில் சட்டமன்றம் கொண்டுவந்த தடையை அதே ஆண்டு ஆகஸ்டில் உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. நீதிபதி சந்துரு தலைமையில் குழு அமைத்து, 2022-இல் மறுபடி சட்டம் எழுதினார்கள். ஆளுநர் திருப்பி அனுப்பினார், சட்டமன்றம் இரண்டாம் முறை நிறைவேற்றியது, 2023 ஏப்ரலில் ஒப்புதல் வந்தது. அந்த நவம்பரில் உயர் நீதிமன்றம் சட்டத்தை ஏற்றுக்கொண்டது; ஆனால் ரம்மியும் போக்கரும் திறமை ஆட்டம், தடை அவற்றுக்குப் பொருந்தாது என்றது. பிறகு 2025-இல் நள்ளிரவு 12 மணியிலிருந்து காலை 5 மணி வரை ஆடக் கூடாது என்ற விதி வந்தது. இதற்கெல்லாம் நடுவில் எத்தனை வீடுகளில் பிணம் விழுந்தது என்பதை நம் செய்தித்தாள்கள் எழுதின. நாடாளுமன்றச் சட்டம் வந்த பிறகுதான் திறமையா அதிர்ஷ்டமா என்ற கேள்வியே தேவையில்லாமல் போனது. பணம் வைத்தால் தடை.

அந்தச் சட்டம் வெளிநாட்டிலிருந்து நடத்தப்படும் ஆட்டத்துக்கும் பொருந்தும் என்று அதிலேயே எழுதியிருக்கிறது. ஏதோ ஒரு தீவில் பதிவு செய்த கம்பெனியின் முதலாளியைத் திட்டக்குடி கோர்ட்டில் நிறுத்துவது கடினம், மறைக்கவில்லை. ஆனால் அந்த முதலாளிக்குப் பணம் போக இந்திய வங்கிக் கணக்கோ யு.பி.ஐ. முகவரியோ வேண்டும். விளம்பரம் செய்ய இந்திய முகம் வேண்டும். சட்டம் பிடிக்கப்போகும் கழுத்து அந்த இரண்டும்தான். மகன் பணம் அனுப்பிய கணக்கு எண்கள், தேதிகள் எல்லாவற்றையும் எழுதி 1930-இலும் இணையதளத்திலும் புகார் கொடுங்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும் அம்மா. சட்டம் ஆப்பை மூடும். மகன் மனதில் இருக்கும் அவமானத்தை மூடாது. கடன் பற்றி அவனைத் திட்டுவதற்கு முன்னால் 14416 என்ற டெலி மானஸ் மனநல உதவி எண்ணுக்கோ 104-க்கோ பேசுங்கள். தமிழிலேயே பேசலாம். காசு கிடையாது. இன்றைக்கே பேசுங்கள்.

வணிகவியல் மாணவி, சிதம்பரம்: மதுரையில் உட்கார்ந்துகொண்டு ஒரு கோர்ட் சீனாக்காரன் ஆப்பை நிறுத்த முடியுமா?

நிறுத்தியிருக்கிறது. 2019 ஏப்ரல் 3 அன்று உயர் நீதிமன்ற மதுரைக் கிளையில் நீதிபதிகள் கிருபாகரன், சுந்தர் அமர்வு, டிக்டாக் தரவிறக்கத்தைத் தடை செய்யச் சொன்னது. உத்தரவு பெய்ஜிங் வரை போக வேண்டிய அவசியமே ஏற்படவில்லை. இரண்டு வாரத்தில் கூகுளும் ஆப்பிளும் தங்கள் ஆப் ஸ்டோரிலிருந்து அதை எடுத்துவிட்டன. நாளொன்றுக்கு 5 லட்சம் டாலர் நஷ்டம் என்று கம்பெனி ஓடி வந்தது. சிறுவர் பாதுகாப்புக்கு என்ன செய்கிறோம் என்று விளக்கியது. ஏப்ரல் 24-இல் தடை விலகியது.

அடுத்த வருடம் ஜூன் 29 அன்று மத்திய அரசு தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 69ஏ பிரிவின் கீழ் டிக்டாக் உட்பட 59 சீன ஆப்களை ஒரே உத்தரவில் முடக்கியது. அது இன்றும் தொடர்கிறது.

இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். மதுரையில் இரண்டு தரப்பும் திறந்த கோர்ட்டில் பேசின, காரணம் எழுதப்பட்டது, மூன்று வாரத்தில் முடிவு வந்தது. 69ஏ-யில் முடக்கக் கோரிக்கையும் நடவடிக்கையும் ரகசியம் என்று 2009-ஆம் ஆண்டு விதியே சொல்கிறது. நாட்டின் பாதுகாப்பு சம்பந்தப்பட்ட விஷயத்தில் சிறிது ரகசியம் தேவைப்படலாம். மற்ற எதற்கும் எனக்கு முதல் வழியில்தான் நம்பிக்கை.

திரையரங்க ஊழியர், விருத்தாசலம்: படம் வந்த அன்றே இணையத்தில் வந்துவிடுகிறது. எல்லா வீடியோ தளங்களையும் மொத்தமாக முடக்கினால் என்ன?

ஒரு தடவை முடக்கினார்கள். 2012-இல் தனுஷ் நடித்த '3' படத்துக்காகத் தயாரிப்பாளர் சென்னை உயர் நீதிமன்றம் போனார். யாரென்று தெரியாத எதிராளிகள் மேலும், இணைய இணைப்புத் தரும் கம்பெனிகள் மேலும் தடை வாங்கினார். உத்தரவைக் கையில் வாங்கிய இணைப்புக் கம்பெனிகள், விமியோ, டெய்லிமோஷன் போன்ற முழுத் தளங்களையே அடைத்துவிட்டன. திருட்டுப் படத்துக்குச் சம்பந்தமே இல்லாமல் தன் குறும்படத்தை விமியோவில் போட்டு வைத்திருந்தவனுக்கும் கதவு சாத்தப்பட்டது. ஜூன் 22 அன்று நீதிமன்றம் திருத்தம் சொன்னது: திருட்டுப் படம் இருக்கும் அந்தக் குறிப்பிட்ட முகவரியை மட்டும் அடையுங்கள், தளம் முழுவதையும் அல்ல.

உங்கள் பிழைப்பின் வலி எனக்குப் புரிகிறது. ஆனாலும் அந்தத் திருத்தம்தான் சரி. அதற்குப் பிறகு 2019-இல் டெல்லி உயர் நீதிமன்றம், திருடுவதற்கென்றே நடத்தப்படும் தளங்கள் பெயரை மாற்றிக்கொண்டு திரும்பி வந்தால் ஒவ்வொரு முறையும் புதிய வழக்கு வேண்டாம், அதே உத்தரவை நீட்டிக்கொள்ளலாம் என்று வழி செய்தது. குற்றத்துக்கென்றே திறந்த கடை வேறு, குற்றவாளி ஒருவன் நுழைந்துவிட்ட சந்தை வேறு. சட்டம் இந்த வித்தியாசத்தைக் கைவிடாத வரைக்கும் படத்தையும் காப்பாற்றலாம், இணையத்தையும் காப்பாற்றலாம்.

தேர்த்திருவிழா வாட்ஸ்அப் குழு நிர்வாகி, பெண்ணாடம்: குழுவில் ஒருவர் கண்டதையும் போட்டால் அட்மின் உள்ளே போக வேண்டியதுதானா?

போட்டவர் பொறுப்பு. 2021 டிசம்பரில் மதுரைக் கிளையில் நீதிபதி ஜி.ஆர். சுவாமிநாதன், கரூர் வழக்கறிஞர்கள் குழு ஒன்றின் வழக்கில், அட்மின் வேலையை மட்டும் செய்தவர் மேல் அடுத்தவர் பதிவுக்காக வழக்கு நிற்காது என்றார். நீங்களும் சேர்ந்து தூண்டியிருந்தால் கதை வேறு.

மகன் துபாயில் இருக்கும் தந்தை, பெண்ணாடம்: ஊர் அரசியல் மீம் எல்லாம் அவனுக்கு அனுப்புகிறோம். அவன் அங்கிருந்து திருப்பி அனுப்புகிறான். ஆபத்தா?

உங்களைவிட அவனுக்கு ஆபத்து அதிகம். அவன் இருப்பது அமீரகச் சட்டத்தின் கீழ். அங்கே 2021-ஆம் ஆண்டின் 34-ஆம் எண் சட்டப்படி, வதந்தியையும் பொய்ச் செய்தியையும் இணையத்தில் பரப்பினால் குறைந்தது 1 வருடச் சிறை, 1 லட்சம் திர்ஹம் அபராதம். ஒருவரை இணையத்தில் திட்டுவதும் அங்கே தனிக் குற்றம்.

இங்கேயும் அப்படி ஒரு காலம் இருந்தது. 2012-இல் புதுச்சேரி வியாபாரி ஒருவர், ஒரு மத்திய அமைச்சரின் மகனைப் பற்றி ட்விட்டரில் எழுதியதற்காகத் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66ஏ பிரிவில் கைதானார். புதுச்சேரி நம் கடலூருக்குப் பக்கத்து ஊர்தான். 2015 மார்ச் 24 அன்று ஷ்ரேயா சிங்கால் வழக்கில் உச்ச நீதிமன்றம் அந்தப் பிரிவையே ரத்து செய்தது. நமக்குக் கிடைத்த அந்தச் சுதந்திரம் விமானத்தில் ஏறி மகனோடு துபாய் போகவில்லை. அவனுக்குச் சாப்பாடு, பேரப்பிள்ளை, மழை பற்றி எழுதுங்கள்; மீமை ஊரோடு வைத்துக்கொள்ளுங்கள்.

சிறுதொழில் முனைவோர், நெய்வேலி: நம்மூர்க்காரர் யாராவது கூகுளை எதிர்த்து ஜெயித்தது உண்டா?

உண்டு, பாதி வழி. சென்னையில் பாரத் மேட்ரிமோனி நடத்தும் கம்பெனி 2012-இல் போட்டி ஆணையத்திடம் போனது. தேடல் முடிவுகளில் கூகுள் தன் சொந்தச் சேவைகளுக்குச் சலுகை காட்டுகிறது என்பது புகார். 2018 பிப்ரவரியில் ஆணையம் கூகுளுக்கு 135.86 கோடி ரூபாய் அபராதம் போட்டது. அடுத்த சண்டை, ஆப் ஸ்டோர் கட்டணம் பற்றி. 2023-இல் சென்னை உயர் நீதிமன்றம், இது போட்டி ஆணையம் பார்க்க வேண்டிய விஷயம் என்று வழக்கைத் தள்ளியது. 2024 மார்ச் 1 அன்று கூகுள் அந்தக் கம்பெனியின் ஆப்களையே கடையிலிருந்து தூக்கிவிட்டது. மத்திய அமைச்சர் தலையிட்ட பிறகு சில நாளில் திரும்ப வந்தன.

அபராதத்தைவிட அந்த மார்ச் மாத நாட்கள்தான் எனக்குப் பெரிய பாடம். சென்னையிலிருக்கும் ஒரு கம்பெனியின் வாசல் சாவி அமெரிக்கக் கம்பெனி கையில் இருந்தது. அதைத் திறக்க அமைச்சர் பேச வேண்டியிருந்தது. அமைச்சரைத் தெரியாத விருத்தாசலத்து ஆப் கம்பெனி என்ன செய்யும்? அதற்கு விரைவான, எல்லாருக்கும் பொதுவான ஒரு முறையீட்டு வழி வேண்டும்.

சட்டக் கல்லூரி மாணவர், கடலூர்: "நாங்கள் கூகுள் இந்தியா, விளம்பரம் மட்டும் விற்கிறோம். தவறு அமெரிக்கக் கம்பெனியுடையது" என்று சொன்னால் தப்பித்துவிடலாமா?

சொல்லிப் பார்த்தார்கள். ஹைதராபாத் விசாகா கம்பெனி தொடுத்த அவதூறு வழக்கில் 2019 டிசம்பரில் உச்ச நீதிமன்றம், அதை விசாரணை நீதிமன்றத்தில் சாட்சியம் வைத்து நிரூபியுங்கள் என்று அனுப்பிவிட்டது. படிக்க வேண்டிய தீர்ப்பு தம்பி. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 79-ஆம் பிரிவு தளங்களுக்குத் தரும் பாதுகாப்பு, 2009-இல் அமலுக்கு வந்த திருத்தத்துக்கு முன்பு எப்படி இருந்தது, பின்பு எப்படி என்பதையும் அதில் காணலாம்.

கல்லூரி மாணவி, கடலூர் மாவட்டம்: பழகிய ஒருவன் என் படங்களை வெளிநாட்டுத் தளங்களில் போட்டுவிட்டான். வீட்டில் சொல்ல முடியவில்லை. தளத்துக்காரர்கள் நம்ம பேச்சைக் கேட்பார்களா?

கேட்க வேண்டும். நீங்கள் தவறு செய்யவில்லை என்பதை முதலில் மனதில் நிறுத்திக்கொள்ளுங்கள்.

2021 விதிகள் எழுதப்பட்டபோதே, அந்தரங்கப் படம் பற்றிச் சம்பந்தப்பட்டவர் புகார் கொடுத்தால் 24 மணி நேரத்துக்குள் எடுக்க வேண்டும் என்று வைத்தார்கள். இதற்குக் கோர்ட் உத்தரவு தேவையில்லை. உங்கள் புகாரே போதும். மற்றவற்றுக்குக் கோர்ட் உத்தரவோ அரசு அறிவிப்போ வந்தால்தான் தளத்துக்குப் பொறுப்பு வரும் என்று ஷ்ரேயா சிங்கால் தீர்ப்பு சொல்கிறது. அந்தரங்கப் படம் விஷயத்தில் மட்டும் சட்டம் காத்திருக்கச் சொல்லவில்லை. ஒவ்வொரு தளத்திலும் குறைதீர் அதிகாரியின் பெயர் இருக்கும். படம் இருக்கும் இணைய முகவரியோடு அவருக்கு எழுதுங்கள். பதில் திருப்தி இல்லையென்றால் 2023 முதல் இயங்கும் குறைதீர் மேல்முறையீட்டுக் குழுவுக்கு 30 நாளுக்குள் போகலாம். கூடவே, ஸ்டாப்-என்.சி.ஐ.ஐ. என்ற சேவை இருக்கிறது. படத்தை யாருக்கும் அனுப்பாமல், உங்கள் போனிலேயே அதன் அடையாளக் குறியீட்டை உருவாக்கி, இணைந்துள்ள தளங்கள் அதே படத்தை மறுபடி ஏற்றாமல் தடுக்க உதவும்.

2025 ஜூலையில் ஒரு பெண் வழக்கறிஞர் இதே வேதனையோடு சென்னை உயர் நீதிமன்றம் போனார். நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் 48 மணி நேரத்துக்குள் எல்லாவற்றையும் எடுக்க நடவடிக்கை எடுக்குமாறு மத்திய அமைச்சகத்துக்கு உத்தரவிட்டார். எடுத்த படம் வேறொரு தளத்தில் முளைத்ததையும் நீதிமன்றம் விடாமல் கவனித்தது. கோர்ட் வரை போகும் தைரியம் எல்லாருக்கும் உடனே வராது என்பது எனக்குத் தெரியும்.

ஆனால் தைரியம் கொடுக்கும் பழைய வழக்கு ஒன்றும் நம்மிடம் உண்டு. 2004-இல் ஒரு பெண்ணைப் பற்றி யாஹூ குழுவில் ஆபாசமாக எழுதியவனுக்கு எழும்பூர் நீதிமன்றம் அதே வருடம் நவம்பரில் தண்டனை கொடுத்தது. புகாரிலிருந்து தீர்ப்பு வரை ஒரு வருடம்கூட ஆகவில்லை. யாஹூ அமெரிக்கக் கம்பெனி. எழுதியவனோ இந்தியாவில் இருந்தான், உங்கள் படத்தைப் போட்டவனைப் போல. அவனைப் பிடிக்க எந்த வெளிநாட்டு ஒப்பந்தமும் வேண்டாம். கடலூர் சைபர் குற்றப் பிரிவில் புகார் கொடுங்கள். தேசிய இணையதளத்தில் பெண்கள், குழந்தைகள் மீதான குற்றங்களுக்கென்று தனிப் பகுதி உண்டு. அதில் பெயர் சொல்லாமலும் தெரிவிக்கலாம். நம்பிக்கையான ஒரே ஒருவரிடம், அத்தையோ சிநேகிதியோ, இன்று சொல்லிவிடுங்கள். தனியாகச் சுமக்க வேண்டாம்.

தேவார வகுப்பு நடத்தும் இளைஞர், பெண்ணாடம்: பிரளயகாலேசுவரர் கோயில் பக்கத்து வீட்டிலிருந்து ஜெர்மனி, லண்டன், சிங்கப்பூர்ப் பிள்ளைகளுக்கு வீடியோவில் தேவாரம் சொல்லித் தருகிறேன். வெளிநாட்டுச் சட்டம் என்னையும் பிடிக்குமா?

இந்தக் கேள்வி வந்ததில் எனக்கு மிகுந்த மகிழ்ச்சி. அப்பர் தன் தோளில் சூலமும் விடையும் பொறிக்கக் கேட்டுப் பாடிய தலத்திலிருந்து பாட்டு கடல் தாண்டுகிறது. நீங்களும் இப்போது எல்லை தாண்டிச் சேவை தருகிறவர்தான் தம்பி. நாம் கூகுளிடம் எதிர்பார்க்கும் மரியாதையை ஜெர்மன் பெற்றோர் உங்களிடம் எதிர்பார்க்கலாம்.

2018 மே 25 முதல் அமலில் உள்ள ஐரோப்பியத் தரவுப் பாதுகாப்புச் சட்டம், ஐரோப்பாவில் இருப்பவர்களுக்குச் சேவை தரும் வெளிநாட்டவரையும் கட்டுப்படுத்தும். காசு வாங்கினாலும் வாங்காவிட்டாலும். பிள்ளையின் சம்மதத்தை வைத்துத் தகவல் சேகரிப்பதானால் ஜெர்மனியில் 16 வயதுக்குக் கீழே பெற்றோரின் அனுமதி வேண்டும். பிரிட்டனில் அந்த வயது 13. நம் நாட்டின் 2023-ஆம் ஆண்டுத் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் இதே தத்துவத்தில் எழுதப்பட்டது. இந்தியர்களுக்குச் சேவை தரும் வெளிநாட்டுக் கம்பெனியையும் அது பிடிக்கும், 250 கோடி ரூபாய் வரை அபராதம் போடும். அதில் குழந்தை என்றால் 18 வயதுக்குக் கீழே.

பயப்பட வேண்டாம். பெற்றோரிடம் ஒரு சம்மத மின்னஞ்சல் வாங்கிக்கொள்ளுங்கள்: பிள்ளையின் பெயர், வயது எதற்காக, எவ்வளவு நாள் வைத்திருப்பீர்கள் என்று எழுதி. வகுப்பைப் பதிவு செய்யாதீர்கள். செய்தே ஆக வேண்டுமென்றால் சொல்லிவிட்டுச் செய்யுங்கள், வருடக் கடைசியில் அழித்துவிடுங்கள். பிள்ளைகள் பாடும் வீடியோவை யூடியூப்பில் ஏற்றுவதற்குத் தனியாக அனுமதி கேளுங்கள். "வேண்டாம்" என்று ஒரு பெற்றோர் சொன்னால் காரணம் கேட்காமல் விட்டுவிடுங்கள். தேதியும் பணமும் எழுதிய ரசீது கொடுங்கள்.

அரசு அலுவலர், திட்டக்குடி: வழக்கு என்று போனால் கையில் என்ன இருக்க வேண்டும்?

ஸ்கிரீன்ஷாட்டில் தேதி, நேரம், முழு இணைய முகவரி மூன்றும் தெரிய வேண்டும். பணம் போன குறிப்பு எண்ணை வங்கியில் எழுத்தில் வாங்குங்கள். மின்னணு ஆவணத்தை நகலாகக் கொடுக்கும்போது சாட்சியச் சட்டமான பாரதிய சாக்ஷிய அதினியத்தின் 63-ஆம் பிரிவுச் சான்றிதழும் சேர வேண்டும். வக்கீல் மறந்தாலும் நீங்கள் கேளுங்கள். செய்தி வந்த போனை விற்காதீர்கள், ரீசெட் செய்யாதீர்கள். எதிராளியின் எண்ணை பிளாக் செய்வதற்கு முன்னால் உரையாடல் முழுவதையும் ஏற்றுமதி செய்து இரண்டு இடத்தில் வைத்துவிடுங்கள்.